5600, 12400எஃப், 12400: ஐம்பதாயிரத்துக்குள் கேம் ஆட எந்த ப்ராசஸர்?

அம்பாசமுத்திரத்திலிருந்து சித்தி மகன் போன வாரம் போன் செய்தான். காலேஜில் சேர்ந்துவிட்டான், கம்ப்யூட்டர் வாங்க வீட்டில் ஐம்பதாயிரம் ஒதுக்கிவிட்டார்கள், மானிட்டர் மட்டும் மாமா வீட்டுப் பழையது ஒன்று இருக்கிறது. "அண்ணே, 5600 எடுக்கட்டா, 12400எஃப் எடுக்கட்டா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றான். 5600 ஏஎம்டியின் ப்ராசஸர், 12400எஃப் இன்டெல்லுடையது. "ரெண்டும் வேண்டாம்டே, 12400 எடு, கடைசியில எஃப் இல்லாதது" என்றேன். அதற்கு இரண்டாயிரம் கூட ஆகுமே, அந்தக் காசை ரேமில் போடலாமே என்று கேட்டான். நியாயமான கேள்விதான், போனில் சொல்லி முடியவில்லை, அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். இதே குழப்பத்தில் இரண்டு மாதம் கிடந்து 2024 சித்திரையில் 12400 வாங்கியவன் நான், அதற்கு முன்னால் நான்கு வருடம் எஃப் ப்ராசஸர் வைத்திருந்தவன். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ரைசன் 5 5600, ஐ5-12400 இரண்டுக்கும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், இரண்டும் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும். இரண்டும் 2022இல் வந்தவை, 12400 ஜனவரியில், 5600 ஏப்ரலில். சில்லுக்குள்ளேயே இருக்கிற வேக நினைவகமான எல்3 கேஷ் 5600இல் 32 எம்பி, 12400இல் 18 எம்பிதான், ஆனால் இன்டெல்லின் ஒவ்வொரு கோரும் தனியாகக் கொஞ்சம் வலு கூடியது என்பதால் கேமில் வந்து நிற்கும்போது கணக்கு சரியாகிவிடுகிறது. ஒரு கேமில் இது முந்தும், இன்னொன்றில் அது முந்தும். தவிர, நம் பட்ஜெட்டில் போடப்போகிற கிராபிக்ஸ் கார்டு ஆர்எக்ஸ் 6600 அளவில்தான் இருக்கும், அந்தக் கார்டோடு 1080 ரெசல்யூஷனில் பெரிய கேம்களை ஆடும்போது முதலில் திணறுவது கார்டுதான். 12400க்கும் 12400எஃப்புக்கும் வேகத்தில் வித்தியாசமே கிடையாது, ஒரே சில்லு, உள்ளே இருக்கிற கிராபிக்ஸை மட்டும் எஃப்பில் முடக்கி விற்கிறார்கள்.

ஐ3-12100எஃப்பையும் சிலர் சொல்வார்கள். நான்கு கோர், எட்டு த்ரெட். வேலரண்ட் மட்டும் ஆடுகிறவனுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் பின்னால் டிஸ்கார்டு ஓட, பிரவுசரில் பத்து டேப் திறந்திருக்க, புதிய கேம் ஒன்றையும் போட்டால் நடுநடுவே சொடுக்கிச் சொடுக்கி நிற்கும். ஐந்து வருடத்துக்கு வாங்குகிறவன் ஆறு கோருக்குக் கீழே போகவேண்டாம். ரைசன் 5 5500ம் அப்படித்தான், பெயர் 5600க்குப் பக்கத்தில் இருந்தாலும் கேஷ் பாதி, 16 எம்பி, கார்டோடு பேசுகிற பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸும் பழைய 3.0தான்.

சரி, எஃப் விஷயத்துக்கு வருகிறேன். நான் இரண்டாயிரம் கூடக் கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான், மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

இன்டெல்லில் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். ஏஎம்டியின் ஏஎம்4 ரைசன்களில், அதாவது போர்டில் ஏஎம்4 என்கிற சாக்கெட்டில் உட்காருகிறவற்றில், கதை தலைகீழ், கடைசியில் ஜி இருந்தால்தான் கிராபிக்ஸ் உண்டு. 5600ஜியில் உண்டு, வெறும் 5600இல் இல்லை. ஆக, '5600ஆ 12400எஃப்பா' என்று சித்தி மகன் கேட்டபோது, கார்டு இல்லாவிட்டால் திரையில் படமே வராத இரண்டு ப்ராசஸர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டிருக்கிறான். இணையத்தில் பார்க்கிற ஒப்பீடு எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது. விலையும் ஃபிரேம் கணக்கும் மட்டும் பார்த்தால் அதுதான் சரியும்கூட. சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறவனுக்கு அது போதுமாக இருக்கலாம். நெல்லையில் உட்கார்ந்திருக்கிற நமக்கு ஒன்று கூடுதலாகப் பார்க்கவேண்டியிருக்கிறது: கார்டு போய்விட்டால் என்ன ஆகும்?

எனக்கு ஆனதைச் சொல்கிறேன். 2020இல் ஐ5-9400எஃப், கூட ஜிடிஎக்ஸ் 1650 போட்டு ஒரு செட் எடுத்தேன். எஃப் வரிசை வந்தே அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று கடையில் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு வருடம் நன்றாக ஓடியது. 2022 ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம் இடி இடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் இரண்டு முறை போய்ப் போய் வந்தது. அப்புறம் ஆன் செய்தால் டிஸ்ப்ளே வரவில்லை. ஃபேன் சுற்றுகிறது, கேபினட்டில் லைட் எரிகிறது, கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்தினால் அந்தச் சின்ன பச்சை விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. அதாவது உள்ளே விண்டோஸ் ஏறிவிட்டது, எல்லாம் உயிரோடுதான் இருக்கிறது, காட்டுவதற்குத்தான் வழியில்லை. மதர்போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதே என்று கேபிளை அதில் மாட்டிப் பார்த்தேன். எஃப் ப்ராசஸர் போட்ட போர்டில் அந்த ஓட்டை வெறும் ஓட்டைதான், அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது.

கார்டுக்கு மூன்று வருட வாரண்டி இருந்தது. கடைக்கார அண்ணாச்சி நல்ல மனிதர், முகம் சுளிக்காமல் வாங்கி வைத்துக்கொண்டார், ஆனால் அவர் கையில் என்ன இருக்கிறது? "சென்னைக்கு அனுப்பணும் தம்பி, அவன் பார்த்துட்டு மாத்தித் தரணும், மூணு வாரம்னு வச்சுக்கோங்க" என்றார். நாற்பத்தோரு நாள் ஆனது. அந்த நேரம் தங்கச்சி பி.எட். கடைசி வருடம், ரெக்கார்டு, பாடத்திட்டம் எல்லாம் அதில்தான் அடித்து வைத்திருந்தாள். எஸ்எஸ்டியைக் கழற்றி, அதற்கு ஒரு யுஎஸ்பி உறை வாங்கி, பக்கத்து வீட்டு லேப்டாப்பில் மாட்டி ஃபைலை எடுத்தோம். மீதி நாற்பது நாளும் அவள் சமாதானபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து டைப் செய்தாள். கேம் ஆட முடியவில்லை என்பதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை, கேம் எங்கே போய்விடும். முப்பதாயிரம் ரூபாய்க்குச் சாமான் வீட்டில் நல்லபடியாக இருந்தும் ஒரு பக்கம் டைப் அடிக்க முடியாமல் போனதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

அன்றைக்கு வெறும் 9400 இருந்திருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு கேபிளை போர்டில் மாட்டியிருப்போம், ஐந்து நிமிட வேலை. அறிமுகம் ஆனபோது 12400க்கும் 12400எஃப்புக்கும் பட்டியல் விலையில் வித்தியாசம் 25 டாலர். நான் வாங்கிய அன்று ஜங்ஷன் பக்கம் கேட்ட இரண்டு கடையிலும் இரண்டாயிரத்துக்குப் பக்கம்தான் சொன்னார்கள். நாற்பது நாள் பிரவுசிங் சென்டர் காசே அதில் பாதிக்கு வந்துவிடும்.

இங்கே கரண்டை வைத்தும் இதை யோசிக்கவேண்டும். ஆடிக் காற்றில் கம்பி உரசிக் கரண்ட் மினுக்குவதும், ஐப்பசி கார்த்திகையில் இடியோடு போவதும், கோடையில் ராத்திரி ஏழு மணிக்கு மேல் லோ வோல்டேஜும் நமக்குப் பழகிப்போனவை. யுபிஎஸ் கட்டாயம் வாங்குங்கள், ஆனால் சாதாரண 600 விஏ யுபிஎஸ் தாங்குவது ஏறத்தாழ 360 வாட்தான். 6600 கார்டு மட்டுமே 132 வாட் வரை எடுக்கும். கேமுக்கு நடுவில் கரண்ட் போனால் சேவ் செய்து அணைக்கத்தான் நேரம் இருக்கும். கார்டைக் கழற்றிவிட்டு ஆன்போர்டில் ஓட்டினால் அதே யுபிஎஸ்ஸில் நிதானமாக வேலை பார்க்கலாம்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கவும் இது உதவுகிறது. டிஸ்ப்ளே வரவில்லை என்றால் கார்டா, ரேமா, போர்டா, எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸா என்று தெரியாது. எஃப் வைத்திருந்தால் இன்னொரு கார்டு இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தால்தான் உண்டு, வள்ளியூரிலோ சேரன்மகாதேவியிலோ இருந்துகொண்டு யாரிடம் போய்க் கேட்பது? உள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றி ஆன் செய்தவுடன் பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒரு சின்னக் குறிப்பு: கார்டு மாட்டியிருக்கும்போது பல போர்டுகள் தன் எச்டிஎம்ஐயைத் தானாக அணைத்துவிடும். போர்டின் அடிப்படை செட்டிங் இருக்கிற பயாஸில் அதற்கென்று ஒரு வசதி இருக்கிறது, ஆன்போர்டு கிராபிக்ஸைக் கார்டோடு சேர்த்தே விழிக்க வைக்கிற மாதிரி. வாங்கிய அன்றே அதை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காசைப் பிரித்துப் போடுவது. ஐம்பதாயிரத்துக்குள் கார்டையும் சேர்த்து அடைக்கப் பார்த்தால் எங்காவது கை வைக்கவேண்டி வரும், பெரும்பாலும் எல்லோரும் எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைப்பார்கள், அது செய்யக்கூடாத காரியம். நான் முதலில் 12400, பி660 போர்டு, எட்டும் எட்டும் பதினாறு ஜிபி ரேம், நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் மட்டும் எடுத்தேன். கார்டு தீபாவளி போனஸுக்கு அப்புறம்தான். நடுவில் ஆறு மாதத்துக்குப் பக்கமாக 12400க்குள் இருக்கிற யுஎச்டி 730 கிராபிக்ஸிலேயே ஓட்டினேன். எல்லாவற்றையும் லோவில் வைத்தால் வேலரண்ட் ஆடுகிற மாதிரி ஓடியது. ஜிடிஏ 5ஐ 720க்கு இறக்கிச் சமாளித்தேன். கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 போட்டுப் பார்த்துவிட்டு அன்றைக்கே எடுத்துவிட்டேன், அது இதற்கு ஆகாது. பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் செட் சும்மா கிடக்கவில்லை, கார்டு விலை இறங்குகிறவரை பொறுத்திருக்க முடிந்தது.

இந்த இடத்தில் 5600ஜி ஆட்கள் கை தூக்குவார்கள். தூக்கவேண்டியதுதான். அதிலுள்ள வேகா 7 கிராபிக்ஸ் இன்டெல்லின் யுஎச்டி 730ஐ விட நன்றாகவே வலுவானது. கார்டு வாங்கவே போவதில்லை, இப்படியே மூன்று வருடம் ஓட்டுவேன் என்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு 5600ஜி எடுக்கலாம், ஆனால் ரேமை ஒற்றைக் குச்சியாகப் போடாமல் இரண்டாகப் போடவேண்டும், கிராபிக்ஸுக்கும் அந்த ரேம்தான் நினைவகம் என்பதால் ஒற்றைக் குச்சி போட்டால் வேகம் படுத்துவிடும். ஆனால் பின்னாடி கார்டு போடுகிற எண்ணம் இருந்தால் 5600ஜி எனக்குச் சரியாகப் படவில்லை. கேஷ் 16 எம்பி, பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0. 6600 கார்டு எட்டு லேனில் ஓடுவது, அதற்கு 4.0 கிடைப்பது நல்லது. கார்டு வந்த நாளிலிருந்து அந்தப் ப்ராசஸர் 5600க்கும் 12400க்கும் பின்னால்தான் ஓடும்.

பழைய மானிட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று. நம் பக்கத்தில் பாதி வீட்டில் இருப்பது நீல நிற விஜிஏ கேபிள் மானிட்டர். புதிய கார்டுகளில் விஜிஏ கிடையாது, எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றுகிற ஒரு கன்வெர்ட்டர் தனியாக வாங்கவேண்டும். எச்610 போர்டுகள் பலவற்றில் விஜிஏ இன்னும் இருக்கிறது, ஆனால் அதில் படம் வர ப்ராசஸரில் கிராபிக்ஸ் இருக்கவேண்டும்.

விற்கும்போது என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். 2024இல் அந்த 9400எஃப் செட்டை விற்க நினைத்தேன். 1650 கார்டை மட்டும் ஒரு காலேஜ் பையன் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டான், மீதி கிடந்தது. திருநெல்வேலியில் பழைய கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் யார்? ஜெராக்ஸ் கடை, டியூஷன் சென்டர், டாலியில் கணக்கு எழுதுகிறவர்கள். அவர்களுக்குக் கார்டு எதற்கு? வண்ணார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர் வந்து பார்த்தார், விலையெல்லாம் ஒத்துப்போயிற்று, கேபிளை போர்டில் மாட்டச் சொன்னார். வராது அண்ணாச்சி, கார்டு போட்டால்தான் வரும் என்றேன். "படம் வராத பொட்டிய வச்சு நான் என்ன செய்ய?" என்று எழுந்துவிட்டார். கடைசியில் ஒரு பழைய ஜிடி 710 கார்டை நானே வாங்கிப் போட்டு, அந்தக் காசைக் கழித்துக்கொண்டு, அவருக்கே கொடுத்தேன். எஃப்பில் மிச்சம் பிடித்த காசு அங்கே போயிற்று. 12400ஐக் கார்டு இல்லாமல் எந்த ஆபீஸுக்கும் கொடுக்கலாம்.

இனி 5600 பக்கம். அதன் பெரிய பலமாக எல்லோரும் சொல்வது மேலே ஏற வழி இருக்கிறது என்பது. ஏஎம்4க்கு முதல் ரைசன் வந்தது 2017 மார்ச்சில். அதே சாக்கெட்டுக்கு 2022இல் 5800எக்ஸ்3டி, 2024 ஜனவரியில் 5700எக்ஸ்3டி என்று 96 எம்பி கேஷோடு கேமுக்கென்றே ப்ராசஸர் விட்டார்கள். ஏழு வருடம் ஒரே சாக்கெட், இதை மனம்விட்டுப் பாராட்டவேண்டும். இன்டெல்லின் 1700 சாக்கெட் 12, 13, 14 என்று மூன்று தலைமுறையோடு சரி. ஆனால் இன்றைக்குப் புதிதாக வாங்குகிறவனுக்கு இரண்டுமே முடிந்துபோன பாதை. ஏஎம்டி ஏஎம்5க்குப் போய்விட்டது, இன்டெல் 1851க்குப் போய்விட்டது. அதோடு என் பழக்கத்தில் இருபது பேராவது கேம் ஆட செட் போட்டிருக்கிறார்கள், கார்டை மாற்றியவர்கள் பலர், ரேம் கூட்டியவர்கள் பலர், ப்ராசஸரை மட்டும் நடுவில் மாற்றியவர் ஒருவர்கூட இல்லை. 12400இலிருந்து பின்னாளில் பழைய 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 பக்கம் போக நினைக்கிறவர்கள் மட்டும் ஜாக்கிரதை, வோல்டேஜ் கோளாறு என்று இன்டெல்லே 2024இல் ஒத்துக்கொண்டு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது அந்த வரிசைக்குத்தான். 12ஆம் தலைமுறைக்கு அந்தத் தொல்லை இல்லை.

சூட்டில் 5600க்கு ஒரு மார்க் கூடவே போடலாம். அதன் உச்ச மின்வரம்பு 76 வாட், 12400க்கு 117. கேம் ஆடும்போது என்னுடையது அந்த உச்சத்துக்குப் பக்கத்தில்கூடப் போனதில்லை, கத்திரி வெயிலில் மாடி அறையில் கூட வந்த கூலரோடேதான் ஓடுகிறது. ஆனால் மணிக்கணக்காக வீடியோ ரெண்டர் போடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். வீடியோ எடிட்டிங்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு, 12400இன் உள் கிராபிக்ஸில் வீடியோவை என்கோட் செய்கிற குவிக்சிங்க் இருக்கிறது, ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை அதில் தள்ளிவிட்டுக் கார்டை கேமுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். எஃப்பில் அதுவும் கிடையாது.

5600ஐ நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை, கேடிசி நகரில் நண்பனுடையதில் ஒரு வாரம் ஆடியதுதான் என் அனுபவம். ஆடும்போது குறை சொல்ல எதுவும் இல்லை. ஒரே ஒரு சம்பவம்: தெர்மல் பேஸ்ட் மாற்ற கூலரைக் கழற்றினோம், பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டு, கூலரோடு ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஏஎம்4இல் பின் எல்லாம் ப்ராசஸரின் அடியில்தான் இருக்கும். ஓரத்தில் ஐந்தாறு பின் சாய்ந்துவிட்டது. லெட் பென்சிலின் மூக்கை ஒவ்வொரு பின்னிலும் நுழைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நிமிர்த்தினோம், பிழைத்துக்கொண்டது. கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஒரு கேமை ஓட்டிச் சூடாக்கி அணைத்துவிட்டு, கூலரை இழுக்காமல் இடமும் வலமும் திருகி எடுக்கவேண்டும் என்பதை அப்புறம் கற்றுக்கொண்டோம். இன்டெல்லில் பின் போர்டில் இருக்கும், அங்கே ப்ராசஸரைப் போடும்போது கை தவறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஏற்கெனவே பி450 போர்டு வைத்திருந்து பழைய ரைசனிலிருந்து மாறுகிறவன் என்றால் நான் சொன்ன எதையும் பார்க்கவேண்டாம், பயாஸை அப்டேட் செய்துவிட்டு 5600ஐப் போடுங்கள், அதைவிட மலிவான வழி இல்லை. அப்டேட்டைப் பழைய ப்ராசஸர் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கையில் இன்னும் பணம் இருக்கிறவர்களுக்கு ஏஎம்5, ரைசன் 5 7600. டிடிஆர்5 ரேம்தான் போடமுடியும் என்பதால் செலவு கூடும், ஆனால் அதில் படம் காட்டுகிற அளவுக்கு உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. 7500எஃப்பில் இல்லை, அங்கேயும் அந்த எழுத்தைப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்டில் போர்டு எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது நனைந்த சாமான்களும் சந்தைக்கு வந்தன. ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றி, பின்பக்க போர்ட்டுகளின் உலோக மூலைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள், துருவோ காய்ந்த வண்டலோ தெரிந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

கடையில் 12400 என்று சொல்லிவிட்டு 12400எஃப் கொடுப்பது வேண்டுமென்றே நடப்பதில்லை, அவர்கள் பழக்கத்தில் எல்லாம் ஒன்றுதான். சீலை உடைக்கும் முன் பெட்டியைப் பாருங்கள். எஃப் என்றால் தனியாக கிராபிக்ஸ் கார்டு தேவை என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும். பில்லிலும் அந்த எழுத்து இல்லாமல் இருக்கவேண்டும். அசெம்பிள் செய்ததும், கார்டு வாங்கியிருந்தாலும் அதை மாட்டுவதற்கு முன், கேபிளை போர்டில் சொருகிப் படம் வருகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். சித்தி மகன் சனிக்கிழமை ஜங்ஷனுக்கு வருகிறான், மாமா வீட்டு மானிட்டரையும் அந்த நீலக் கேபிளையும் கையோடு தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.